வேணி வைத்துப்போன பதினொரு புத்தகங்கள்

மழைக்காலத்தில் உப்பு விளையாது. தை பிறந்ததும் பாத்திகளை மிதித்துச் சரிசெய்து, கடல்நீர் பாய்ச்சி, புரட்டாசி வரை வெயிலோடு வெயிலாக நின்று உப்பை வாரிக் குவித்துவிட்டு, ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் உப்பு வாரும் பலகைகளைக் கழுவிச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டால், பிறகு மூன்று மாதம் தருவைக்கரையில் யாருக்கும் எந்த வேலையும் இல்லை. உப்பளங்கள் எல்லாம் ஒரே ஏரியாகி வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும், மனிதர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். சந்தனமாரியின் வீட்டில் நடந்தது அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் நடந்தது. வெயில் காலமாக இருந்திருந்தால் அதைக் கேட்க அந்த ஊரில் யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

சந்தனமாரியும் அவள் கணவன் பொன்னுலிங்கமும் உப்பளத்தில் வேலை செய்பவர்கள். அவர்களுக்கு ஒரே மகள், அருள்வேணி. பன்னிரண்டு வயது. ஆவணி மாதம் மூன்று நாள் காய்ச்சலில் இறந்துபோனாள். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அவர்கள் இருவருக்குமே முடிந்ததில்லை.

வேணிக்கு ஒரு பழக்கம் இருந்தது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதித் தாளையும் கிழித்த பிறகு மிஞ்சுகிற நாள்காட்டி அட்டையை எடுத்து, அதன் பின்பக்கத்தில், வருகிற ஆண்டில் தான் படிக்கவேண்டிய முப்பது புத்தகங்களின் பெயர்களை எண் போட்டு எழுதுவாள். ஒரு புத்தகம் முடிந்தால் அன்றைய தேதித் தாளைச் சின்னதாக மடித்து, ஒரு பருக்கைச் சோற்றால் அந்தப் பெயருக்கு எதிரே ஒட்டுவாள். ஆண்டு முடிவதற்குள் தேதி ஒட்டப்படாத பெயர்களைச் சிவப்பு மையால் அடித்துவிடுவாள். அவை அடுத்த ஆண்டுப் பட்டியலில் வராது.

"ஏட்டி, மிச்சத்த வாற வருசம் படிச்சா என்ன, புத்தகம் கோவிச்சிக்கிடுமா?" என்று பொன்னுலிங்கம் ஒருமுறை கேட்டான்.

"அடுத்த வருசத்துக்கு வேற புத்தகம் வரிசைல நிக்குதுல்லாப்பா. அதுகள தள்ளிட்டு இதுகள உள்ள விட்டா, அதுக சண்டைக்கு வரும்" என்றாள் வேணி.

ஒவ்வொரு ஆண்டும் அவள் பின்தங்கிவிடுவாள். காரணம் அவள் அல்ல. அவள் சத்தமாகத்தான் படிப்பாள், அம்மாவுக்குக் கேட்கும்படிதான் படிப்பாள், ஒவ்வொரு வரி முடிந்ததும் அம்மா 'உம்' சொல்லவேண்டும். கேட்பவர் உம் கொட்டாவிட்டால் கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும் என்பது தருவைக்கரைப் பிள்ளைகளின் சட்டம். ஆனால் விடியுமுன் அளத்துக்குப் போய், காலெல்லாம் உப்பரித்து, தலைச்சுமையோடு நடந்து திரும்புகிற சந்தனமாரி நாலாவது வரியில் சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவாள். "எம்மா, உம்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து, கோழியிறகு ஒன்றை அடையாளம் வைத்துப் புத்தகத்தை மூடிவிடுவாள் வேணி. பிறகு மழை வரும், வேலை நிற்கும், அம்மா விழித்திருப்பாள், டிசம்பர் முழுக்க மகள் ஓட்டமாக ஓடிப் படித்துப் பெரும்பாலும் முப்பதைத் தொட்டுவிடுவாள்.

இந்த ஆண்டு அட்டையில் பத்தொன்பது தேதிகள் ஒட்டியிருந்தன. பதினொரு இடம் காலியாக இருந்தது. அந்தப் பதினொன்றும் தான் தூங்கிப்போன பதினொரு இடங்கள் என்று சந்தனமாரிக்குத் தோன்றியது.

முதல் மழை பெய்த அன்று பகலில் அவள் இருபதாவது புத்தகத்தை எடுத்தாள். ஆமை ஒன்று கடலைத் தேடிப் போகிற கதை. கோழியிறகு நடுவில் இருந்தது. சந்தனமாரி ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். மனதுக்குள் படிக்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் எழுத்தைக் கூட்டிக் கூட்டி, சத்தமாக, இறகு இருந்த பக்கத்தின் முதல் வரியைப் படித்தாள்.

பாய் சுருட்டி வைத்திருந்த மூலையிலிருந்து, "உம்" என்றாள் வேணி.

உம் என்று ஒருவர் சொன்னால் அடுத்த வரியைப் படிக்கவேண்டும். சந்தனமாரி அடுத்த வரியைப் படித்தாள்.

சாயங்காலம் புளி கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா, வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏளா மாரி, புள்ளைக்குக் கொரலு தெளிஞ்சிருக்கே" என்றாள்.

"ஆமாக்கா. காய்ச்சல்ல கம்மிப்போயிக் கெடந்துச்சி. இப்பம் தெளிஞ்சிருக்கு" என்றாள் சந்தனமாரி.

பேச்சியம்மா புளியை வாங்கிக்கொண்டு போனாள். வழியில் நான்கு வீட்டில் சொன்னாள். மறுநாள் பதினொரு பேர் வந்தார்கள், அதற்கு அடுத்த நாள் இருபத்தாறு பேர், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் பூண்டு உரிக்க ஒரு முறத்தையும், கல் பொறுக்க ஒரு படி அரிசியையும் எடுத்துக்கொண்டு வந்து, ஈரக்குடைகளை வெளியே சாய்த்துவிட்டு, பாய் இருந்த மூலையை மட்டும் ஒரு முழம் விட்டு உட்கார்ந்தார்கள். ஆட்டோக்காரர்கள் தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். பெயர் நீக்குவதற்காக ரேஷன் அட்டையைக் கேட்டு வந்த அலுவலர் எரிமலைகளைப் பற்றிய இருபத்து மூன்றாவது புத்தகத்தில் ஏழு பக்கம் உட்கார்ந்து கேட்டார். ஒவ்வொரு மலையின் பெயருக்கும் உம் வந்ததைக் கேட்டார். "பேசுத புள்ள பேர எப்படிம்மா அடிக்கது, மழை விடட்டும்" என்று பேனாவை மூடிக்கொண்டு போனார். வெளியூர்க்காரன் ஒருவன் கைப்பேசியில் பதிவு செய்தான். அதில் மழையும் சந்தனமாரியின் குரலும் மட்டுமே இருந்தன. அவன் யாருடைய பிள்ளைக்கும் மாமனோ சித்தப்பனோ இல்லை, அவனுக்கு எப்படிக் கேட்கும் என்று விட்டுவிட்டார்கள்.

புத்தகங்களை, ஊரே டீச்சர் என்று கூப்பிடுகிற நூலகர் ரெஜினா கொண்டுவந்து தந்தார். கிளை நூலகத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பாலிதீன் பையில் சுற்றி, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து தந்தார். வேணியின் உறுப்பினர் அட்டையிலேயே பதிந்தார்.

"அவ அட்டையிலயா டீச்சர்?" என்று பொன்னுலிங்கம் தயங்கினான்.

"விதிப் புத்தகத்த ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டேன் அண்ணாச்சி. செத்தவங்களுக்குப் புத்தகம் குடுக்கக் கூடாதுன்னு ஒரு எடத்துலயும் எழுதல" என்றார் ரெஜினா.

ஒரே ஒரு தடவை தவறு நடந்தது. வடை விற்கிற சுடலைமணி, காட்டில் வழி தெரியாமல் நின்ற இளவரசன் கதையில் தன்னை மறந்து, தொண்டையைத் திறந்து "உம்ம்" என்று சொல்லிவிட்டான். உடனே மூலை அமைதியாகிவிட்டது. அன்று மாலை வரை எந்த வரிக்கும் உம் வரவில்லை. தன் வேலையில் வேறு ஆள் நுழைந்தால் வேணி எப்போதும் அப்படித்தான், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "ஒம் வாயில வடச்சட்டிய வைக்க" என்று அத்தனை பெண்களும் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். மறுநாள் அவன் ஒரு பொட்டலம் பொரிகடலை கொண்டுவந்து பாயின் மேல் வைத்து, "தாயி, மாமன் தெரியாமச் செஞ்சிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் உம் திரும்பி வந்தது. அன்று முதல் அந்த வீட்டுக்குள் யாரும் உம் சொல்லக்கூடாது என்று ஆனது. கதை சூடுபிடிக்கும்போது பெண்கள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார்கள்.

கணக்குப் புதிர்கள் புத்தகத்துக்கு ஊரே சேர்ந்து தப்பு விடை சொன்னது. அன்றைய உம்களில் கொஞ்சம் சிரிப்பு இருந்ததாகப் பேச்சியம்மா சத்தியம் செய்தாள்.

ஒவ்வொரு புத்தகமும் முடிந்த அன்று சந்தனமாரி தேதித் தாளை ஒட்டினாள். இருபத்தாறாவது தாளை ஒட்டிய அன்று காலி இடங்களை எண்ணினாள். அதுவரை அவள் எண்ணவில்லை. எண்ணியதும் நான்கே இருந்தன. மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஆமைக் கதையை மறுபடி எடுத்துப் படித்துப் பார்த்தாள். ஒரு பக்கம் முழுக்கப் படித்தாள். உம் வரவில்லை. ரெஜினாவிடம் கேட்டுப் பட்டியலில் இல்லாத ஒரு புத்தகம் வாங்கிப் படித்தாள். அதற்கும் வரவில்லை. அதன் பிறகு நாளுக்கு நான்கு பக்கம்தான் என்று ஆக்கினாள், எழுத்தை இன்னும் மெதுவாகக் கூட்டினாள். என்றாலும் பக்கங்கள் புரண்டுகொண்டுதான் இருந்தன. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இருபத்தொன்பதாவது புத்தகம் முடிந்தது.

அன்று சாயங்காலம் அட்டையைச் சுவரில் மாட்டப் போனவள், அதில் முப்பத்தொன்றாவதாக ஒரு வரி இருப்பதைப் பார்த்தாள். வேணி எழுதுகிற மாதிரியே வட்ட வட்டமான எழுத்தில், 'தமிழ் அகராதி, பெரியது' என்று எழுதியிருந்தது. அட்டைக்குக் கீழே, ஆயிரத்து நானூறு பக்கம் கொண்ட அகராதி ஒன்று துண்டில் பொதிந்து வைக்கப்பட்டிருந்தது.

மறுநாள் அவள் யாரையும் உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொண்டு அகராதியைத் திறந்தாள். முதல் சொல்லையும் அதன் பொருளையும் படித்தாள். மூலையில் சத்தம் இல்லை. இரண்டாவது சொல்லைப் படித்தாள். அப்போது ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர் டிரம்முக்குப் பின்னாலிருந்து, ஒரு கட்டைத் தொண்டை தன்னால் முடிந்த அளவு மெலிந்து, "உம்" என்றது.

சந்தனமாரி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மூன்றாவது சொல்லைப் படித்தாள்.

"உம்" என்றது டிரம்.

"நெஞ்சுச் சளியோட மழைல நிக்காதிங்க. உள்ள வாங்க" என்றாள் சந்தனமாரி.

பொன்னுலிங்கம் நனைந்த சட்டையோடு உள்ளே வந்து அவளைப் பார்க்காமல் நின்றான். "ஒரு நாளைக்கி ஒரு பக்கம்னா நாலு வருசம் வரும் மாரி. கணக்குப் போட்டேன். தீராத புத்தகம் எதுன்னு டீச்சர்ட்ட கேட்டு வாங்கியாந்தேன்."

"அவ எழுதுனது முப்பதுதான்."

"தெரியும்."

"தெரிஞ்சிமா?"

அவன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் தன் முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே இருந்தாள், காய்ந்த பிறகும்.

முப்பதாவது புத்தகம் நாற்பத்தெட்டே பக்கம். பெரிய எழுத்து, பாதிக்குப் பாதி படம், சின்னப் பிள்ளைகளுக்கானது. கடைசி நாளில் மூச்சுவாங்க ஓடிவந்தாலும் முடித்துவிடலாம் என்று வேணி எப்போதும் சின்னதாக ஒன்றைத்தான் கடைசியில் வைப்பாள். சந்தைக்கூட்டத்தில் தொலைந்துபோன ஒரு வெள்ளாடு வீடு தேடிப் போகிறது. கோழிக்கூண்டின் கதவைத் தட்டி, "இது என் வீடா?" என்று கேட்கிறது. "இல்லை, இது என் வீடு" என்கிறது கோழி. நண்டுவளையில் கேட்கிறது. "இல்லை, இது என் வீடு" என்கிறது நண்டு. இருபத்தெட்டாம் தேதி மதியம் சந்தனமாரி அதைப் படிக்கத் தொடங்கினாள். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான் என்பதால் நான்கு பக்கத்தில் நிறுத்த முடியவில்லை. இருபத்து நான்காம் பக்கத்தில், ஆடு ஆந்தைப்பொந்தின் முன்னால் நின்று கேட்டது. "இது என் வீடா?"

"உம்" என்றாள் வேணி.

சந்தனமாரி புத்தகத்தை மூடினாள்.

"இன்னைக்கி இவ்வளவுதான்" என்று எல்லாரையும் அனுப்பினாள். மறுநாள் வந்தவர்களிடம், "இனிமே படிக்கலை" என்றாள். அவள் யோசித்து வைத்திருந்தாள். கதை பாதியில் நின்றால் கேட்கிறவளும் பாதியில்தான் நிற்பாள். ஆடு பொந்தின் முன்னால் நிற்கிற வரை மகள் மூலையில் இருப்பாள்.

அப்படித்தான் இருந்தாள். ஆனால் உம் நிற்கவில்லை. யாரும் எதுவும் படிக்காமலே, அடுத்த வரி வருமா என்று கேட்கிற மாதிரி, "உம்?" என்றது மூலை. சந்தனமாரி சோறு வடித்தபோது கேட்டது, துணி பிழிந்தபோது கேட்டது. இருபத்தொன்பதாம் தேதி பகல் முழுக்கக் கேட்டது. முப்பதாம் தேதி அது கரகரத்துப்போயிருந்தது. நடுநடுவே ஒரு கொட்டாவி வந்தது. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மா வீட்டிலும் அது கேட்டது, அதற்கு அடுத்த வீட்டிலும் கேட்டது. தெருவில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

பேச்சியம்மா வந்து நிலைப்படியில் நின்றாள். "ஏளா. புள்ளைய இன்னும் எத்தன நாளு முழிக்க வைக்கப் போற?"

"எம் புள்ள, நான் முழிக்க வைக்கேன். ஒனக்கென்னக்கா?"

"கண்ணு சொருகுது அவளுக்கு. கொரல்லயே தெரியுதுல்லா."

"ஒனக்கு நாலு புள்ளையும் வீட்ல தூங்குது. எழுப்புனா எந்திரிக்கும். நீ பேசுவ" என்றாள் சந்தனமாரி. சொல்லிவிட்டு அழுதாள். ஆவணியிலிருந்து அவள் அழவில்லை என்பதை அப்போதுதான் இருவரும் உணர்ந்தார்கள்.

பேச்சியம்மா அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லிட்டுப் போ. நான் வாங்கிக்கிடுதேன்" என்றாள். பிறகு, "நாளக்கழிச்சு வருசம் பொறக்குது. அவ செகப்பு மையால அடிச்சிருவால்லா மாரி? முடிக்காத புத்தகத்த?" என்று கேட்டாள்.

மூலையில், "உம்?" என்றாள் வேணி. ரொம்பச் சின்னதாக.

சந்தனமாரிக்கு அன்றுதான் ஒன்று தெரிந்தது. மகள் எத்தனை இரவு "எம்மா, உம்?" என்று கேட்டு, காத்திருந்து, தூங்குகிற அம்மாவை எழுப்பாமல் புத்தகத்தை மூடிவைத்தாள் என்பது தெரிந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது முடிந்திருக்கிறது.

முப்பத்தொன்றாம் தேதி மதியம் மூன்று மணிக்கு அவள் கதவைத் திறந்துவைத்தாள். சொல்லியனுப்பாமலே எல்லாரும் வந்தார்கள். பூண்டு முறத்தையும் அரிசியையும் அன்று யாரும் கொண்டுவரவில்லை. ரெஜினா நூலகத்தைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். சுடலைமணி வாயைப் பொத்திக்கொண்டு கடைசியில் நின்றான். இடம் இல்லாதவர்கள் மழையில் குடை பிடித்து நின்றார்கள். பொன்னுலிங்கம் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

சந்தனமாரி இருபத்து நான்காம் பக்கத்தை எடுத்தாள். "இல்லை, இது என் வீடு என்றது ஆந்தை."

"உம்" என்றாள் வேணி. அந்த உம்மில் எவ்வளவு நிம்மதி இருந்தது என்பது முன்வரிசைப் பெண்களின் தோள்கள் இறங்கியதில் தெரிந்தது.

ஆடு எறும்புப்புற்றில் கேட்டது. உம். அணிலின் மரத்தில் கேட்டது. உம். மீன்காரியின் கூடையில் கேட்டது, கோயில் மணியிடம் கேட்டது, படகிடம் கேட்டது. ஒவ்வொரு கதவிலும் இல்லை என்றார்கள், ஒவ்வொரு இல்லைக்கும் உம் வந்தது, ஒவ்வொரு உம்மும் முந்தியதைவிடக் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் கனமாக, தலையணையில் பாதி புதைந்து வந்தது. சந்தனமாரி அவசரப்படவும் இல்லை, இழுக்கவும் இல்லை. ஒரு எழுத்துகூடத் திக்காமல் படித்தாள். இத்தனை வாரத்தில் அவளுக்கு நன்றாகப் படிக்க வந்துவிட்டது என்பதை அன்றுதான் ஊர் கவனித்தது.

நாற்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு வீடு வந்தது. கதவு திறந்திருந்தது. "இது என் வீடா என்று கேட்டது ஆடு. ஆமாம் என்றது வீடு."

"உம்" என்றாள் வேணி. முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. பின்னால் இருந்தவர்கள் முன்னால் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

பக்கம் முடிந்துவிட்டது. சந்தனமாரி வெறும் பின்னட்டையைப் பார்த்தபடி, "பிறகு ஆடு உள்ள போச்சி" என்றாள். புத்தகத்தில் அந்த வரி இல்லை.

மழை பெய்தது.

"உள்ள போயி, தண்ணி குடிச்சிச்சி."

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். பேச்சியம்மாவின் வாயில் முந்தானை இருந்தது. அறுபது பேர் இருந்தார்கள், அறுபது பேருக்கும் தொண்டை இருந்தது, ஒரு உம் சொல்ல எந்தக் கஷ்டமும் இல்லை. ஒருவரும் சொல்லவில்லை.

"குடிச்சிட்டு, அம்மா பக்கத்துல வந்து படுத்துச்சி" என்றாள் சந்தனமாரி.

வெகுநேரம் அவள் காத்திருந்தாள். பிறகு எழுந்து போய், மூலையில் சுருட்டியிருந்த பாயை விரித்து, ஒரு தலையணை போட்டு, போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். திரும்பி, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு மிக மெதுவாகச் சொன்னாள்.

"சத்தம் போடாம எந்திரிங்க. புள்ள தூங்கிட்டா."

அவர்கள் எழுந்தார்கள். வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, கைக்குழந்தைகளைத் தோளில் போட்டுத் தட்டியபடி, ஒருவர் பின் ஒருவராக வாசலைக் கடந்தார்கள். குடையை விரித்தால் சத்தம் வரும் என்று யாரும் விரிக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மழையில், நுனிக்காலால் நடந்தார்கள். தெருமுனை திரும்பும் வரை ஒருவரும் செருப்பைக் கீழே போடவில்லை.